சோலாரில் சேராத சிவப்பு பல்பு

சாமி படங்களுக்கு முன்னால் எப்போதும் எரியும் சிவப்பு பல்பு அன்று முற்பகலில் அணைந்தது. வழக்கம்போல் போனை எடுத்துத் தனலட்சுமி டீச்சரைக் கூப்பிட்டேன். வெகுநேரம் மணியடித்த பிறகு எடுத்தார்கள். "டீச்சர், அங்க கரண்ட் இருக்கா?" என்றேன். பேசியது அவருடைய அண்ணன் மகன். "அத்தை காலையில தவறிட்டாங்க டீச்சர். குளிச்சிட்டு வந்து சேர்ல உக்காந்தவங்க எந்திரிக்கவே இல்ல. உங்களுக்குத்தான் சொல்லணும்னு இருந்தேன்" என்றான். கரண்ட் இருக்கிறதா என்று கேட்ட வாயாலேயே "சரிப்பா" என்று வைத்துவிட்டேன்.

பள்ளி மலரில் இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். நான் அதே பள்ளியில் தையல் டீச்சர். உள்ளதைச் சொன்னால், வேலையில் இருந்தவரை எங்களுக்குள் அப்படி ஒன்றும் ஒட்டுதல் இல்லை. பரீட்சை நெருங்கினால் தையல் பீரியடைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார். "ஊசியில நூல் கோக்க யாரும் ஃபெயிலாகப் போறதில்ல டீச்சர்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓய்வு பெற்ற பிறகுதான் நெருக்கம் வந்தது. அவர் ரெட்டியார்சத்திரத்தில் தனி ஆள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் தாடிக்கொம்பில். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் ஓசூரில். இருவருமே காரணம் இல்லாமல் போன் செய்யத் தெரியாதவர்கள். நல்லவேளையாக மின்வாரியம் இருந்தது. இங்கே கரண்ட் போனால் நான் கூப்பிடுவேன், அங்கே போனால் அவர் கூப்பிடுவார். முதல் கேள்வி எப்போதும் "அங்க இருக்கா?" என்பதுதான். இருந்தால் பொறாமை, இல்லையென்றால் ஆறுதல். அப்புறம் முட்டிவலி, சோற்றுக்கு என்ன வெஞ்சனம், செத்துப்போனவர்கள் என்று பேச்சு ஓடும். "வந்துருச்சு டீச்சர், வச்சுடுறேன்" என்றால் அன்றைய பேச்சு முடிந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று நாள் முழுக்க நிறுத்தினால் எங்களுக்குத் திருவிழாதான்.

அந்த நேரத்தில்தான் அவருக்குப் பழைய வேன் ஒன்றின் மீது ஆசை வந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டார். கூரையில் சோலார் தகடு, பலகைக்கு அடியில் பேட்டரி, ஒரு குட்டி இன்வெர்ட்டர். ஊர் சுற்றும்போது வேனுக்குள் ஃபேனும் லைட்டும் ஓடும். வீட்டு வாசலில் நிற்கும்போது ஒரு ஒயரைச் சொருகினால் அதே பேட்டரி வீட்டுக்கு. "கெட்டிக்காரி ஒருத்திக்கு ரெண்டு வீடு, ஒரு அடுப்பு" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்தது நான். கூலியாக முதல் பயணத்தில் எனக்கு ஒரு சீட்டு.

வேடசந்தூர் தாண்டி, ஆற்றோரம் போனோம். நல்ல வெயில். பார்த்துப் பார்த்து அடர்த்தியான ஒரு புளியமரத்தின் அடியில் வேனை நிறுத்தினார். கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு ஃபேனைப் போட்டுத் தூங்கினோம். சாயங்காலம் டீ போடலாம் என்று எழுந்தால் ஃபேன் நின்றிருந்தது. ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி அண்ணாந்து மரத்தைப் பார்த்தவர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "வண்டிய நிறுத்துறதுன்னா நெழலைத் தேடித்தான் நமக்குப் பழக்கம். வெயிலைத் தேட யாரு சொல்லிக்கொடுத்தா?" என்றார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு சட்டம்: "வண்டி வெயிலுக்கு, நாம நெழலுக்கு."

பிறகு என் வீட்டு மொட்டை மாடியிலும் ஒரு தகடு ஏறியது. தென்னை நிழல் எந்நேரம் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கக் குடையோடு உட்கார்ந்து பார்த்துத்தான் இடம் குறித்தார். எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேன், லைட், சாமி பல்பு எல்லாவற்றையும் பேட்டரியில் சேர்த்துவிட்டுப் போனார். கரண்ட் போவதும் வருவதும் எனக்குத் தெரியவே இல்லை. நிம்மதி என்றுதான் நினைத்தேன். ஆனால் அவரிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. நாளாக ஆக ஃபேன் சுற்றும் சத்தம் மட்டுமே வீட்டில் கேட்டது. இந்த வீடு இம்புட்டுப் பெரிசா என்று அப்போதுதான் பட்டது.

ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேன் வந்து வாசல் வெயிலில் நின்றது. கூடவே அதே எலக்ட்ரீஷியன். நேரே சாமி படத்தைக் காட்டி, "இந்த பல்பை மட்டும் சோலார்லருந்து எடுத்துருப்பா" என்றார்.

"சாமி விளக்கு அணையலாமா டீச்சர்?" என்றேன்.

"சாமிக்கு இருட்டுன்னா பயமா? கரண்ட் போறதே தெரியலைன்னா நீங்க எதுக்கு போன் பண்ணப்போறீங்க? நான் எதுக்குப் பண்ணப்போறேன்?"

"சும்மா பண்ணலாமே."

"சும்மா பண்ற ஆளா நாம?" என்றார். "எங்க வீட்டுலயும் ஒரு பல்பை விட்டு வச்சிருக்கேன்." சொல்லிவிட்டு, எங்கேயோ பார்த்தபடி காபி கேட்டார்.

டீச்சர் தவறிய அன்று நான் போனபோது, சாவு வீட்டில் பந்தல் போடுவதற்காக வேனை ஓரமாகத் தள்ளி வேப்பமரத்தடியில் விட்டிருந்தார்கள். அண்ணன் மகனைக் கூப்பிட்டு, "அதை வெயில்ல விடுப்பா" என்றேன். "எதுக்கு டீச்சர், நெழல்லதானே நிக்கிது? வெயில்ல சூடாயிரும்" என்றான். "சூடாகட்டும். உங்க அத்தை நெழல்ல விடமாட்டாங்க" என்றேன். கிழவிக்குத் துக்கத்தில் மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான். ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு போய் நகர்த்தினான். கூரைத் தகட்டில் வெயில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

காரியம் முடிந்து என்னோடு சில நாள் இருக்க மகள் வந்தாள். "அம்மா, சாமி லைட்டு மட்டும் அணைஞ்சு அணைஞ்சு எரியுதே. அதையும் பேட்டரியில சேத்துரச் சொல்லவா?" என்று கேட்டாள். அவசரமாக வேண்டாம் என்றேன். அவளுக்குக் காரணம் சொல்லவில்லை. தனலட்சுமி டீச்சர் எனக்கென்று விட்டுவிட்டுப் போனது அந்த ஒன்றுதான். அது என்னிடம் அப்படியே இருக்கட்டும்.

மகள் ஊருக்குப் போன மறுநாள் மதியம் பல்பு அணைந்தது. கை தானாகப் போனுக்குப் போயிற்று. அவர் பெயர் வரை போய்விட்டு, போனைக் கீழே வைத்தேன். தலைக்குமேல் ஃபேன் அதுபாட்டுக்கு ஓடியது. வீட்டில் ஒரு குறையும் இல்லை. சாமி படத்துக்கு எதிரே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கினேன். முட்டிவலி கொஞ்சம் தேவலை என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. காய் முழுவதும் நறுக்கி முடித்து வெகுநேரம் கழித்து, படத்தின்மேல் சிவப்பாக வெளிச்சம் விழுந்தது.

"வந்துருச்சு டீச்சர், வச்சுடுறேன்" என்றேன்.