கிணற்றுத் தண்ணீரும் டைபாய்டு ஊசியும்

பிறந்த நாட்டுத் தண்ணீர் எத்தனை வருடத்தில் நம் உடம்புக்கு அந்நியமாகும்? எனக்குத் தெரியவில்லை.

நேற்று லண்டன் இல்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடைக்கு டைபாய்டு ஊசி போடப் போனேன். இலங்கைக்கு என்றதும், ஊசி போடும் மன்னார்ப் பெண் பயணிகளுக்கான அறிவுரைகளைத் தொடங்கினார்.

"விகாரைக்குப் போனால் தோளை மூடுங்கோ அக்கா. புத்தருக்கு முதுகைக் காட்டிச் செல்பி எடுக்காதேங்கோ."

"நான் பிறந்ததே யாழ்ப்பாணத்திலதான்."

"கடைசியா எப்ப போனனீங்கள்?"

"பத்தொன்பது வயசில வெளிக்கிட்டனான். பிறகு போகேல்லை."

"அப்ப உங்களுக்குத்தான் கட்டாயம் சொல்லோணும். வெள்ளைக்காரர் போத்தில் தண்ணி குடிச்சு சுகமாத் திரும்பி வருகினம். எங்கட ஆக்கள்தான் கிணத்தைக் கண்டவுடன அள்ளிக் குடிச்சுப்போட்டு ஆஸ்பத்திரியில படுக்கினம்."

சிரித்தேன். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லவில்லை.

தங்கை யாழ்ப்பாணத்தில் நாங்கள் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். வருடா வருடம் "வாறன்" என்பேன். வருடா வருடம் ஒரு காரணம் கிடைக்கும். வீடியோவில் பேசும்போது அவளுக்குப் பின்னால் கிணறு தெரியும். என் கண் அங்கேதான் போகும்.

"ஒருக்காப் போட்டா மூண்டு வருஷத்துக்குக் காணும், திருப்பிப் போடத் தேவையில்லை அக்கா," என்றார் ஊசி போட்டவர்.

தள்ளிப்போட நல்ல வசதி.

இன்று காலை இடது கை வலித்தது. வலது கையால் டிக்கெட் எடுத்தேன். தங்கைக்குச் சொன்னேன்.

"கிணறு இறைச்சுத் துப்புரவாக்கி வைக்கிறன் அக்கா," என்றாள்.

அவள் அள்ளித் தரும் முதல் செம்பை மறுக்கத் தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லித் தாருங்கள்.