எலிகளுக்கு முதலில் கிடைத்த மருந்து

இருபது வருஷத்துக்கு முன், உத்தமபாளையத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, கல்லூரி முகாமில் ரத்தம் கொடுக்கப் போய், எனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. ஓடைப்பட்டியில் அம்மா அதை நம்பவே இல்லை. மஞ்சள் காமாலைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சோதனை உண்டு. சிறுநீரில் சோற்றுப் பருக்கைகளைப் போட்டு வைப்பார்கள்; மஞ்சளானால் நோய். என்னுடையதில் பருக்கை வெள்ளையாகவே இருந்தது.

"பெறகென்ன ஒனக்கு நோயி? ஞாயித்துக்கெழம தேவதானப்பட்டியில இருந்து பொண்ணு பாக்க வாராக. வாயத் தொறக்காத ஆத்தா," என்றாள் அம்மா.

இந்தக் கிருமி ஈரலுக்குள் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும் என்றேன். அவள் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள். வந்த கோபத்தில், கல்லூரிக் கருத்தரங்குக்கு மரபணுவை அடக்கும் சிகிச்சையையே தலைப்பாக எடுத்தேன். கிருமி பெருகுவதற்கான கட்டளைகள் ஈரல் செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வாக நடமாடுகின்றன. அவற்றுக்குப் பொருந்துகிற குட்டி ஆர்.என்.ஏ. துண்டை உள்ளே விட்டால், செல்லே அந்தக் கட்டளையை நறுக்கிப் போட்டுவிடும். ஆய்வகச் சோதனையில் எலிகளில் கிருமி குறைந்திருந்தது. மனிதர்களுக்கு வர வெகுகாலம் ஆகும் என்றார் பேராசிரியர். எலிகள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்கள் காபியைக் கையில் வாங்கியதுமே நோயைச் சொல்லிவிட்டேன். "கட்டிக்கிறவுக முன்னாடியே தடுப்பூசி போட்டுக்கிடணும். காபியில எல்லாம் ஒட்டாது," என்றேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வாய் வைக்காமல் கீழே வைத்தார்.

"மருந்து இல்லையா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அடக்கி வைக்க மாத்திர இருக்கு. அடியோட ஒழிக்க இல்ல. புதுசா ஒண்ணு இப்பத்தான் எலியில பாத்திருக்காக. நான் அதத்தான் மேல படிக்கப் போறேன்."

அவர்கள் எழுந்து போனதும் அம்மா அழுதாள். "எந்தப் பாவிகிட்ட இருந்து ஒட்டுச்சோ எம்புள்ளைக்கு."

பெரும்பாலும் பிரசவத்தில் தாயிடமிருந்துதான் வரும் என்று படித்திருந்தேன். வந்தவர்கள் முன்னால் அடங்காத என் வாய் அவளிடம் அதைச் சொல்லத் தயங்கியது. ஆனால் சொல்லாமல் விட்டால் அவளுடைய ஈரலை யார் பார்ப்பது? சொன்னேன். மறுநாளே தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன்.

அவளுக்கும் இருந்தது. முடிவை வாங்கிக்கொண்டு திரும்புகையில், பஸ் சின்னமனூர் தாண்டும்வரை அவள் கையை நான் விடவில்லை.

"அந்த எலி மருந்து வர நாளாகுமா?" என்று கேட்டாள்.

"ஆகும்மா."

"அப்பச் சீக்கிரமாப் படி," என்றாள்.