வண்டி அச்சுக்குப் போன கிரீஸ்

கிடங்கில் கிடக்கும் எந்திரத்தைப் பட்டறைக்கு அனுப்புகிறவனை, எந்திரம் வந்தாலும் ஏசுவார்கள், வராவிட்டாலும் ஏசுவார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற யுத்த பயத்தில் சென்னைப் பட்டணத்திலிருந்து கொண்டுவந்த கடைசல் எந்திரங்களைப் பெரம்பலூரில் ஓர் அரிசி மில்லில் அடைத்திருந்தார்கள். இப்போது குண்டு செய்ய அவை திருச்சிப் பட்டறைக்கு வேண்டுமாம். பெரம்பலூரில் ரயில் இல்லை. லாரிகளைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. மாட்டு வண்டியில் அரியலூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் வேகனில் ஏற்றும் பொறுப்பு, ஒன்பதாவதோடு படிப்பை விட்ட என் தலையில்.

கிளம்பும் நேரம்

பட்டறையிலிருந்து அவசரத் தந்தி. லோடு ஏற்றியாகிவிட்டது. வண்டிக்காரர் மருதமுத்து மட்டும் மாட்டைப் பூட்டவில்லை. அவருடைய ஒரே மகன் பர்மா பக்கம் பட்டாளத்தில் இருந்தான். ரொம்ப நாளாகத் தகவல் இல்லை. நான் கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ராகு காலத்துல கெளம்பிட்டு, அங்க அவனுக்கு ஒண்ணுன்னா நீங்களா தம்பி பதில் சொல்லுவீங்க?"

வேகன்

அரியலூரில் வேகன் இல்லை. பட்டாள ரயில்கள் போய்க்கொண்டே இருந்தன. எந்திரங்கள் மழையில் நனைந்தன. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டை போட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முதல்ல ஆளை அனுப்பச் சொல்லியிருக்காங்கப்பா. போய் எதால சுடுவான்னு என்னைக் கேக்காதே."

பட்டறையில்

ஒருவழியாக லோடோடு நானும் திருச்சிக்குப் போனேன். மேஸ்திரி எந்திரத்தைச் சுற்றியிருந்த சாக்கைப் பிரித்தார். துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய கிரீஸைக் காணோம். விரலால் வழித்த தடம் மட்டும் இருந்தது. மற்ற இடமெல்லாம் செந்துரு. அரியலூர் வரை மாட்டு வண்டி ஏன் கிறீச்சிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். "இதைத் தேய்ச்சு எடுக்க ஒரு மாசம் ஆவும். அதுவரைக்கும் சண்டையை நிறுத்தி வைக்கச் சொல்லு."

மருதமுத்து

திரும்பி வந்து கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "ஆமா, வழிச்சேன். அச்சுக்கு விட வெளக்கெண்ணெ இப்ப எந்தக் கடையில கெடைக்குது? அச்சு எரிஞ்சு போயிருக்கும். எந்திரம் சும்மா படுத்துத்தானே வருது, ஓடறது வண்டிதானே?"

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அந்த எந்திரம் உங்கள் மகன் மாதிரி ஆட்களுக்குக் குண்டு செய்யத்தான் போனது, இப்போது ஓடாமல் நிற்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் மாட்டின் மூக்கணாங்கயிற்றை விட்டுவிட்டு, குனிந்து வண்டி அச்சைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப எம் மவன் கைக்குப் போவ வேண்டிய குண்டு என் வண்டி அச்சுலதான் கெடக்குதா தம்பி?"

எந்திரத்துக்கு அத்தனை கிரீஸ் பூசத் தெரிந்த துரைமாருக்கு, அதைச் சுமக்கிற வண்டிக்கும் ஒரு கை மசகு வேண்டும் என்பது மட்டும் யுத்தம் முடிகிறவரை தோன்றவேயில்லை.