கதவு சார்

அந்த விமானக் கம்பெனியில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘கதவு சார்’. விமானங்கள் எவ்வளவு திறமையாக ஓடுகின்றன என்று அளந்து சொல்லும் பிரிவுக்குத் தலைவர். விமானத்தை ஓட்டவும் தெரியாது, துடைக்கவும் தெரியாது. அளக்க மட்டும் தன்னை விட்டால் ஆளில்லை என்று தானே சொல்லிக்கொண்டு திரிவார்.

அவர் கண்டுபிடித்த புதுமை இதுதான். சக்கரம் உருண்டால்தான் விமானம் கிளம்பியதாகக் கணக்கு என்றிருந்ததை மாற்றி, கதவைச் சாத்தினாலே கிளம்பியதாகக் கணக்கு என்றார். உடனே எல்லா விமானங்களும் நேரத்துக்குக் கிளம்ப ஆரம்பித்துவிட்டன. பெட்டிகள் ஏறியிருக்காது, எரிபொருள் நிரம்பியிருக்காது. அதனாலென்ன, கதவு சாத்தியாகிவிட்டதே. நிற்கிற விமானத்துக்கு ஏசி எதற்கு என்று அதையும் நிறுத்தினார். உள்ளே ஜனங்கள் வெந்துகொண்டிருக்க, இவருடைய அறிக்கை பச்சைப்பசேலென்று இருந்தது. முதலாளிகள் தலையாட்டினார்கள். அந்தக் கட்டடத்தில் வெட்கம் என்று ஒன்று மருந்துக்கும் கிடையாது.

இந்தக் கூத்துக்கு விருது வேறு. விழா வேறொரு நகரத்தில், ஒரு மாலை நேரத்தில். மேடையேறி வாங்குகிறவருக்கு இயக்குநர் நாற்காலி நிச்சயம் என்று பேச்சு. அந்த நாற்காலிக்காகத்தான் இத்தனை வருஷமும் யார் யார் காலையோ பிடித்திருந்தார். அன்று மத்தியானம் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு, மனைவியோடு தன் கம்பெனி விமானத்திலேயே ஏறினார். டாண் என்று நேரத்துக்குக் கதவு சாத்தப்பட்டது. மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி ஏற்றும் வண்டி பழுதாம். கோட்டு வியர்வையில் ஊறியது. ஜன்னலுக்கு வெளியே வேறொரு கம்பெனி விமானம் அதே ஊருக்குப் புறப்படத் தயாராக நின்றது. இறங்கி ஓடினால் பிடித்துவிடலாம். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னார்.

“முடியாது சார். திறந்தா கணக்குல லேட்டுன்னு விழும், எங்க சம்பளத்துல பிடிப்பாங்க. நீங்க போட்ட உத்தரவுதான் சார்.”

அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். அங்கிருந்தவன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, அவர் அப்போதே கிளம்பிவிட்டதாக மரியாதையோடு சொன்னான். பக்கத்து விமானம் நகர்ந்து போயே போய்விட்டது. கடைசியில் விருதை மேடையேறி வாங்கியது அவருடைய உதவி அதிகாரி. அவன் விவரமானவன், காலையிலேயே அடுத்த கம்பெனி விமானத்தில் போய்ச் சேர்ந்திருந்தான்.

சேதி வந்தபோதும் இவர்கள் விமானம் நின்ற இடத்தில்தான் நின்றது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்த அட்டையால் தனக்கு மட்டும் விசிறிக்கொண்டாள்.

“எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க? நாமதான் எப்பவோ கிளம்பிட்டோமே.”