ஆமைக்கு வயது கூட்டியவன்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு காரின் பின்மண்டையை வெட்டி எடுக்கச் சொல்லி, அதற்குக் கூலியும் கொடுத்தவன் நான். அகலமான ஜன்னலைச் சிறிதாக்கி, முகத்தை மாற்றி, பதின்மூன்று வயதுக் காரை இருபத்தாறு வயதுக் காரைப்போல ஆக்கித் தரும்படி கேட்டேன். ஊரில் எல்லோரும் வயதைக் குறைத்துக் காட்டத்தான் செலவு செய்வார்கள். அந்த வருடங்களில் என் தலைமுடியே கொத்துக்கொத்தாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வெள்ளிகூட நான் செலவழிக்கவில்லை.

அது ஆமைக் கார். முதுகு வளைந்து, இஞ்சின் பின்னால் இருக்கும் ஜெர்மன் கார். மலாய்க்காரர்கள் கூரா-கூரா என்பார்கள். நாங்கள் ஆமை என்போம். என்னுடையது அறுபத்தொன்பது மாடல். அதை ஐம்பத்தாறு மாடலாக மாற்ற நினைத்ததற்குக் காரணம் என் அம்மா.

அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. தன் சம்பளத்தில் ஐம்பத்தாறு மாடல் ஆமை ஒன்றைப் புதிதாக வாங்கி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பினாங்கின் ஜார்ஜ் டவுன் முழுக்க ஓட்டியவர். அப்பா கார் ஓட்டக் கற்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து முருகனைக் கூப்பிடுவது அவர் வேலை. பின்னால் முட்டை வடிவத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கும். அதில் முகத்தை அழுத்தி, பின்னால் வரும் சைக்கிள்காரர்களுக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவது என் வேலை. மூவரும் அவரவர் கடமையைச் சரியாகச் செய்தோம்.

பத்தொன்பது வயதில், அம்மா தூங்கிய ஒரு ஞாயிறு மதியம், சாவியை எடுத்துக்கொண்டு பத்து ஃபெரிங்கிக் கடற்கரைக்குப் போனேன். கூட வந்த இரண்டு நண்பர்களுக்கு ஒற்றைக் கையால் ஓட்டிக் காட்டினேன். அந்த ஒற்றைக் கை போதவில்லை. கார் சாலையோரப் பெரிய லொங்காங்குக்குள் தலைகுப்புற இறங்கி, சாக்கடைத் தண்ணீரில் மூக்கை நனைத்துக்கொண்டு நின்றது. எங்கள் மூவருக்கும் சிராய்ப்புதான். காருக்கு அடிச்சட்டமான சேசிஸே முறுக்கிக்கொண்டது. பழைய இரும்புக்காரன் வந்து இழுத்துக்கொண்டு போனான்.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மறுநாளிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனார். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

அதற்குள் அப்பா காலமானார். அம்மா ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தார். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நான், மாற்றலாகிப் போன ஒருவரிடமிருந்து அந்த அறுபத்தொன்பது ஆமையை வாங்கினேன். எத்தனையோ முறை சாவியை அம்மாவிடம் நீட்டினேன்.

"ஒருக்கா ஓடிப் பாருங்கோவன் அம்மா."

"வேண்டாம் தம்பி. அது உன்ர கார். நீயே ஓடு."

ஆனால் லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்து வந்தார். நான் ஓட்டும்போது பக்கத்தில் அவருடைய இடது கால், அங்கே இல்லாத கிளட்சை மிதிக்கும். நான் மிதிக்க மறந்த இடத்திலும் அது மிதிக்கும். ஓட்ட ஆசை இருக்கிறது, 'உன்ர கார்' என்பதுதான் தடை என்று நான் கணக்குப் போட்டேன். அவருடைய காரையே திருப்பிக் கொடுத்துவிட்டால்? நேரே போய்க் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பதைவிட ஒரு காரை வெட்டி ஒட்டுவது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. என் மூளை அப்படிப்பட்டது.

தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலம் இன்னும் கட்டி முடியாத காலம். பெர்ரியில் அக்கரைக்குப் போய், ஜுருவில் கார் தகரம் தட்டும் ஓர் அண்ணனைப் பிடித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உதட்டில் பற்றவைக்காத சிகரெட் எப்போதும் தொங்கும். காரைச் சுற்றி வந்தார்.

"எங்க தம்பி அடிபட்டிச்சி?"

"அடிபடலண்ணே."

"அப்புறம்?"

"வெட்டணும். பின்னாடி கூரைய வெட்டி, பழைய மாடல் மாதிரி சின்ன ஜன்னல் வைக்கணும். முன்னாடி லைட்டும் பழசு மாதிரி."

சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்தார்.

"காலையிலயே குடிச்சிட்டு வந்திருக்கீங்களா லா?"

நான் கதை முழுவதையும் சொன்னேன். லொங்காங் இடம் வந்தபோது அவர் கொஞ்சம் ரசித்துச் சிரித்தார். அம்மா பஸ்ஸில் போன இடம் வந்தபோது சிகரெட்டைத் திரும்ப உதட்டில் வைத்துக்கொண்டார். "போலே லா, செய்யலாம்," என்றார். "ஆனா அந்தச் சின்ன ஜன்னல நான் தட்டி உருவாக்க முடியாது தம்பி. செத்த காரு ஒண்ணு வேணும்."

செத்த கார் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்தில் கிடைத்தது. ரப்பர் மரங்களுக்கு நடுவில், சக்கரமில்லாமல், ஒரு ஐம்பத்தாறு ஆமை. உள்ளே பதினாறு கோழிகள் குடியிருந்தன. சொந்தக்காரியான அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"கூரைய எடுத்துட்டுப் போனா எங் கோழி எங்க போகும்? மழ பெஞ்சா ஒங்க வீட்டுக்கு அனுப்பவா?"

அண்ணன் ஒரு வழி சொன்னார். எங்களுக்கு அந்தக் காரின் பின்கூரையும், முன் மட்கார்டுகளும், மூக்குத் தகரமும், விளக்குகளும். கோழிகளுக்கு என் காரிலிருந்து வெட்டி எடுப்பவை எல்லாம், கண்ணாடியோடு. அக்கா என் காரின் ஜன்னலை முழம் போட்டுப் பார்த்து, "இது நல்லா வெளிச்சமா இருக்கு," என்று ஒப்புக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து அண்ணன் போய் அதைப் பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தார்.

"தம்பி, பினாங்கு ஸ்டேட்லயே அறுபத்தொம்போது மாடல்ல குடியிருக்குற கோழி அதுங்கதான். ஒங்கம்மாவுக்குத்தான் பழசு."

அடுத்தது நிறம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் கார் சாம்பல் நிறம். ஆனால் புதிதாக வந்த அன்று எப்படி இருந்தது? அம்மாவைக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். அவருடைய அக்காவிடம், அதாவது என் பெரியம்மாவிடம் போனேன். எங்கள் குடும்பத்தில் பெரியம்மா ஒன்றைச் சொல்லிவிட்டால் கண்ணால் கண்டதும் பொய்யாகிவிடும்.

"சாம்பலோ? ஆர் சொன்னது? அது பிறகு அடிச்ச பெயின்ட். வரேக்கை பச்சை. இளம் பச்சை. அண்டைக்குப் படம் எடுக்கேக்கை நான் உடுத்த சீலையும் அதே நிறம். காருக்கு உறை போட்ட மாதிரி நிக்கிறாய் எண்டு எல்லாரும் சிரிச்சவை."

படத்தை எடுத்துக் காட்டினார். தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் கார் நிற்க, அதன் முன்னால் பெரியம்மா. உண்மைதான், சேலையும் காரும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. கறுப்பு வெள்ளைப் படத்தில் எதுதான் சாம்பலாக இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பெரியம்மா அலமாரியைத் திறந்து, பாச்சை உருண்டை வாசத்தோடு ஓர் இளம்பச்சைச் சேலையை எடுத்துத் தந்தார். "இதுதான். சூலியா தெருவிலை வாங்கினது. கவனம், கறைப்படுத்திப் போடாதை."

அந்தச் சேலையைக் காகிதத்தில் சுற்றி, பெர்ரியில் மடியில் வைத்துக்கொண்டு ஜுருவுக்குப் போனேன். அண்ணன் அதைப் பட்டறைக் கொடியில் தொங்கவிட்டு, பெயின்ட் டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கலந்து கலந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். லோரிக்கு டயர் மாற்ற வந்தவர்களெல்லாம் சேலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"சம்சாரத்தோடதா தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

"பெரியம்மாவோடது."

"சரி லா. நான் கேக்கல."

இப்படி நான்கு மாதம். வீட்டில், காருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மா பஸ்ஸுக்குக் குடை பிடித்துக் காத்து நின்றபடி என்னைப் பார்த்தார். "என்ன வருத்தம் அந்தக் காருக்கு? மனுசர் எண்டால் இவ்வளவுக்குச் செத்து எட்டுச் செலவும் முடிஞ்சிருக்கும்."

வேலை முடிந்ததும் போய்க் காரைப் பார்த்தேன். சாய்ந்த விளக்குகள், சின்னப் பின்விளக்குகள், அந்த முட்டை ஜன்னல். குனிந்து ஜன்னலில் முகத்தை அழுத்திப் பார்த்தேன். அண்ணன் பின்னாலிருந்து, "நாக்கெல்லாம் நீட்டாதீங்க தம்பி, பெயின்ட் இன்னும் சரியா காயல," என்றார்.

பெர்ரியில் வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு முஸ்லிம் பெரியவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஐம்பத்தாறுதானே தம்பி?"

"ஆமாங்க."

"ஒரே ஆளு கையில இருந்த காரா?"

"ஆமாங்க. ஒரு டீச்சர் வச்சிருந்தாங்க. ரொம்பப் பத்திரமா ஓட்டுவாங்க."

பெரியவர் பெருமூச்சுவிட்டார். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல் எனக்கு இல்லை. சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் பல வருடமாக இருந்தது.

வீட்டு முன்னால் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தேன். அம்மா கையில் பாதி நறுக்கிய பயற்றங்காயோடு வெளியே வந்தார். படியிலேயே நின்றார். நான் பேச வேண்டிய வசனங்களைப் பெர்ரியிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதில் முதல் வரி மறந்துவிட்டது.

அம்மா இறங்கி வந்து காரைச் சுற்றி நடந்தார். மட்கார்டைத் தடவினார். விளக்கின் விளிம்பைச் சுண்டிப் பார்த்தார். பின்னால் போய் நின்றார்.

"இதென்ன நிறம்?"

"கார் வரேக்கை இருந்த நிறம் அம்மா. பெரியம்மா சொன்னவ. அண்டைக்கு உடுத்த சீலையைக்கூடத் தந்தவ."

"அந்தப் பச்சைச் சீலையோ? அது கார் போய் அடுத்த வருசம் தீபாவளிக்கு அவ வாங்கினது. நான்தான் கூடப் போனனான். கார் எப்பவும் சாம்பல்தான். நீ உன்ர கண்ணாலை பார்க்கேல்லையே?"

"பார்த்தனான். ஆனால் பெரியம்மா..."

"சரி, விடு." அந்தப் பெயருக்கு முன்னால் அம்மாவும் வாதாட மாட்டார். பிறகு முட்டை ஜன்னலை விரலால் தட்டினார். "இது ஆர்ர வேலை?"

இந்த இடத்துக்காகத்தான் நான்கு மாதம் காத்திருந்தேன். வெட்டியது, பத்து காவான், கோழிகள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அப்ப அந்தப் பெரிய கண்ணாடி?"

"கோழிக் கூட்டிலை இருக்குது."

"உனக்கு விசரே தம்பி? இந்த ஜன்னலாலை பின்னுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பதினாலு வருசம் கழுத்தை வெளியிலை நீட்டித்தான் நான் ரிவர்ஸ் எடுத்தனான். வெள்ளைக்காரனே பிழை எண்டு கண்டு பெரிசாக்கி விட்டான். நீ காசு குடுத்து அதைத் திரும்பச் சின்னதாக்கியிருக்கிறாய். கோழி என்ன, ரிவர்ஸோ எடுக்கப்போகுது?"

நான் இத்தனை வருடம் நேசித்து வைத்திருந்த ஜன்னல் பின்சீட்டில் இருந்தவனின் ஜன்னல். ஓட்டியவருக்கு அது பதினாலு வருடக் கழுத்து வலி. அம்மாவுக்காகச் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, நாக்கு நீட்டுகிற பையனுக்காகச் செய்திருக்கிறேன். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, காரை எங்காவது மறைத்து வைக்கலாமா என்று யோசித்தேன்.

"ஏன் உள்ளுக்கு வைக்கிறாய்? கொண்டா."

அம்மா பயற்றங்காயை என் கையில் திணித்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதை எனக்கு ஒரு பார்வையில் தெரிவித்தார். இஞ்சின் பிடித்தது. நான் பின்னால் ஓடி, "வாங்கோ, வாங்கோ," என்று கையாட்டி வழிகாட்டினேன்.

"விலகு!"

விலகினேன். அம்மா கழுத்தை வெளியே நீட்டி, ஒரே வளைவில், பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிக்கு ஒரு சாண் தள்ளி, வண்டியைச் சாலைக்கு எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். தலைப்பை எப்போது இடுப்பில் செருகினார் என்பதை நான் பார்க்கவில்லை.

கடற்கரைச் சாலையில் நல்ல கூட்டம். லோரி, திரிஷா ரிக்‌ஷா, ஹொண்டா மோட்டார் சைக்கிள்கள். பஸ் ஒன்று நெருக்கியது. அம்மா வழிவிடவில்லை, பஸ்தான் விட்டது. அவருடைய முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐம்பத்தேழு வயது முகம். அது என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது சொல்லாவிட்டால் இன்னும் பன்னிரண்டு வருடம் போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது. மடியில் கிடந்த பயற்றங்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா," என்றேன். "அண்டைக்கு... உங்கட காரை நான் கேக்காமல் எடுத்துக்கொண்டு போனது... நான் உங்களிட்டை ஒருநாளும்..."

அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது கியருக்கு மாற்றினார்.

"கதையாதை. நான் கார் ஓடுறன்."