விளக்கடியில் வைத்த மெழுகு

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோமனூரில் எங்கள் வீட்டுப் பூஜை அறையில் நடந்தது இது. ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் விளக்கேற்றப் போனால் தீக்குச்சியைப் பிடித்த கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

என் மகளுக்கு அப்போது இருபத்தாறு வயது. பீளமேட்டில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்பாள், எரிகிறது என்பாள். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த அல்சர் என்று நானே முடிவு கட்டி, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் மெலிந்துகொண்டே போன பிறகுதான் எண்டோஸ்கோப்பி செய்தோம். வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். அடுத்த சில நாட்களிலேயே வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள்.

அறுவை சிகிச்சை ஒரு மருத்துவமனையில் நடந்தது. அதன் பிறகு கீமோ கொடுக்கும் டாக்டர் வேறொரு மருத்துவமனையில் இருந்தார். எடுத்த கட்டியில் எந்தெந்த ஜீன்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றார் அவர். என் கணவருக்குப் புரியவில்லை.

"அதுதான் வெட்டி எடுத்தாச்சுங்களே டாக்டர். இனி அதுல என்னங்க பாக்கறது?"

எங்களுக்குச் சொந்தமாக எட்டு விசைத்தறி உண்டு என்பது டாக்டருக்குத் தெரியும். "உங்க ஷெட்டுல தறியெல்லாம் ஒரே மாதிரிதானுங்களே நிக்குது? எது ஓடுது, எது சும்மா கிடக்குது, எது கண்டபடி வேகமா ஓடுதுன்னு பாத்தாத்தான உள்ள என்ன நடக்குதுன்னு தெரியும்? அந்த மாதிரிதானுங்க. நோய் திரும்பி வர்ற வாய்ப்பு ஜாஸ்தியா கம்மியான்னு ஒரு கணிப்புக் கிடைக்கும். எல்லாருக்கும் நாங்க இதைச் செய்யறதில்லை. உங்க பொண்ணுக்கு எவ்வளவு மருந்து கொடுக்கறதுன்னு முடிவு பண்ண உதவும்."

அறுவை செய்த மருத்துவமனையின் ஆய்வகத்தில், எடுத்த சதையின் துணுக்குகளை மெழுகில் பதித்துப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 'பிளாக்' என்கிறார்கள். தீப்பெட்டியை விடச் சற்றுச் சிறியது. வெள்ளை மெழுகுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நகம் அளவுக்கு ஏதோ தெரியும். சனிக்கிழமை மத்தியானம் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். கொடுத்தவர், "கட்டியோட பாகம் நல்லா இருக்கறது இது ஒண்ணுலதானுங்க, பத்திரம்," என்றார். திங்கட்கிழமை காலையில் அதை டாக்டரிடம் சேர்க்க வேண்டும். அங்கிருந்து வெளியூர் ஆய்வகத்துக்குப் போகும்.

நடுவில் அந்த ஞாயிறு.

மகளின் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டிலிருந்து முதல் வேலைக்கான ஆர்டர் வரை எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்துத்தான் எடுத்திருக்கிறேன். இதையும் வைக்காமல் எப்படி அனுப்புவது? தலைக்குக் குளித்துவிட்டு, பித்தளைத் தட்டில் காமாட்சி விளக்கை ஏற்றினேன். போதாதென்று இரண்டு பக்கமும் அகல் விளக்குகள். கவரோடு வைக்க மனம் வரவில்லை. பிளாக்கை வெளியே எடுத்து, விளக்குகளுக்கு நடுவே சாய்த்து வைத்துக் கும்பிட்டேன். அந்த நேரம் மகள் கூப்பிட்டாள். அவளுக்கு அப்போதெல்லாம் நாலு வாய் ஊட்டினால் கொஞ்ச நேரம் ஓய்வு, மறுபடி நாலு வாய். ஒரு கிண்ணம் ரசஞ்சாதம் முடிய ஒரு மணி நேரம் ஆனது.

திரும்பி வந்து பார்த்தேன். மெழுகு ஒரு பக்கமாக இளகிச் சரிந்து தட்டில் வழிந்திருந்தது. அதில் எண்ணெயும் கலந்திருந்தது. அந்தச் சாம்பல் நிறத் துணுக்கின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது என் மகளின் வயிறு.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். மெழுகு உருகுவதைக் கரும்பலகையில் எத்தனை முறை படம் போட்டுக் காட்டியிருக்கிறேனோ, எனக்கே தெரியாது.

விளக்குகளை அணைத்தேன். சுரண்டி எடுக்கக் கத்தியைக் கொண்டுவந்துவிட்டு, தொடப் பயந்து கீழே வைத்தேன். கடைசியில் ஆறிய பிறகு, தட்டில் வழிந்ததையும் சேர்த்து ஒரு பொட்டு விடாமல் குங்கும டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். கணவர் வந்து, "எடுத்து வெச்சாச்சா?" என்று கேட்டார். "ஆச்சுங்க," என்றேன். முப்பது வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான்.

மறுநாள் அவர் உடன் வருவதாகச் சொன்னதைத் தடுத்துவிட்டுத் தனியாகக் கோவைக்குப் பஸ் ஏறினேன். இடம் கிடைத்தது ஜன்னலோரம். டப்பாவில் வெயில் படும் என்று எழுந்து, கடைசி வரை நின்றுகொண்டே போனேன். டாக்டரிடம் போகவில்லை. பிளாக் கொடுத்த ஆய்வகத்துக்கே போனேன்.

சனிக்கிழமை பார்த்த அதே மனிதர் இருந்தார். தாடி நரைத்தவர், உக்கடத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. டப்பாவைத் திறந்தவர் முகர்ந்து பார்த்தார்.

"நல்லெண்ணெய் வாசம் வருதுங்களே. சாமிகிட்ட வெச்சீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"மொதல்ல உக்காருங்கக்கா. ஒருத்தரு இதே மாதிரி பிளாக்கை பைக் டேங்க் கவர்ல வெச்சு, வெயில்ல பொள்ளாச்சி வரைக்கும் கொண்டு போயிட்டாருங்க. நீங்க சாமிகிட்டதான வெச்சீங்க." தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "இந்தச் சதை ஆரம்பத்துலயே உருகுன மெழுகுக்குள்ளதானுங்க போச்சு. அப்படித்தான் பிளாக்கே செய்யறோம். சுரண்டாம, ஒண்ணையும் வீசாம கொண்டுவந்தீங்க பாருங்க, அதுதான் பெருசு. மறுபடி பதிச்சுத் தர்றேன்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுகையோடு அழுகையாக, இன்றும் நினைத்தால் கூசும் ஒரு காரியத்தைச் செய்தேன். "ஏனுங்க, இது யாருக்கும் தெரிய வேண்டாமுங்க. டாக்டருக்கும்தான். புதுசு மாதிரியே செஞ்சு கொடுத்துருங்க," என்று கெஞ்சினேன்.

அவர் கோபப்படவில்லை. படிவத்தை எடுத்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"எழுதாம விட்டா, வர்ற ரிசல்ட்டை டாக்டர் அப்படியே நம்பிருவாருங்க. சூடு பட்டதுல உள்ள ஏதாச்சும் கெட்டிருந்தா? அதை வெச்சுத்தான உங்க புள்ளைக்கு மருந்து முடிவு பண்ணுவாங்க? உங்க பேரைக் காப்பாத்தறதுக்கு அந்தப் புள்ளை வயித்துலயா கை வெக்கறது?"

பிளாக் சூடுபட்டு இளகியது, மறுபடி பதிக்கப்பட்டது என்று ஒரே வரி எழுதினார். காரணம் எதையும் எழுதவில்லை.

அன்றே பிளாக்கையும் படிவத்தையும் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வரியைப் பார்த்த அவர் என்னைத் திட்டவில்லை. கட்டியின் பாகம் குறைவாக இருந்த இன்னொரு பிளாக்கையும் வரவழைத்தார். அளவு போதுமா என்று தெரியாது, இருந்தாலும் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க அனுப்பலாம் என்றார்.

வீட்டில் சொல்லாமல் இனி முடியாது என்று அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். "செரி உடும்மா. சாமி பாத்தாச்சு, இனி லேப்காரங்க பாக்கட்டும்," என்றாள் மகள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "எங்கிட்டயே மறைச்சுப்போட்டயே, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்குது," என்றாள்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பக்கத்து ஷெட்டுகளின் தறிச் சத்தம் எனக்குத் தறிச் சத்தமாகக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய சத்தம்தான். எது ஓடுகிறது, எது கண்டபடி வேகமாக ஓடுகிறது என்று காது தேடிக்கொண்டே இருந்தது. கரண்ட் போய் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றால்தான் மூச்சு வந்தது.

நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் உள்ள பிரிவு என்று வந்தது.

அந்த நிமிடத்தில் என் மனம் போன இடத்தையும் சொல்லிவிடுகிறேன். என் விளக்குச் சூட்டில் எல்லாம் கெட்டு, அதனால் தப்பாக வந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எந்தத் தவறுக்காக மூன்று வாரம் செத்துக்கொண்டிருந்தேனோ, அந்தத் தவறு நிஜமாகவே நடந்திருக்க வேண்டும் என்று வேண்டினேன். டாக்டரிடம் கேட்டும்விட்டேன். அவர் இரண்டாவது தாளைத் திருப்பினார். விளக்குப் பக்கமே போகாத அந்த இன்னொரு பிளாக்கும் அதையேதான் சொன்னது.

"பயந்துக்காதீங்க. இந்த மாதிரி இருக்கற பல பேர்ல எத்தனை பேருக்குத் திரும்ப வருதுன்னுதான் இது சொல்லுமுங்க. உங்க பொண்ணு ஒருத்திக்கு என்ன ஆகும்னு இதுக்குத் தெரியாது. ஆனா மருந்தைக் குறைக்கற பேச்சுக்கு இனி இடமில்லை," என்றார்.

முழு கீமோவும் கொடுத்தோம். முடி கொட்டியது, நகம் கறுத்தது, ஒரு முறை காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு ஓடினோம். இப்போது மறுபடி வேலைக்குப் போகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. இதுவரை ஒன்றும் இல்லை என்கிறார்கள். 'இதுவரை' என்ற சொல்லோடுதான் நாங்கள் வாழ்கிறோம்.

ஸ்கேனுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு முறையும் அவள் கேட்பாள், "ஏம்மா, பயமா இருக்குதா?" முன்பென்றால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்றிருப்பேன். இப்போது, "இருக்குது கண்ணு," என்கிறேன். "எனக்குந்தான்," என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். என் கெஞ்சலுக்கு இணங்காமல் படிவத்தில் ஒரே ஒரு வரி எழுதிய அந்த மனிதரை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் மருத்துவமனைப் படியை ஏறுகிறேன்.