முதல் வாய் இறங்கும் வரை

நேற்று மதியம் என் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பாடா அது? காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்துவைத்து, வாயில் சோற்றோடு "எஸ் சார், எஸ் சார்" என்கிறான். "முழுங்கிட்டுப் பேசுடா" என்றேன். "மீட்டிங்ல இருக்கன்மா" என்று எரிந்து விழுந்தான். குழம்பு ஆறிப்போனது. எனக்கு அந்தக் காலத்தில் கூட வேலை பார்த்த ரத்னம்மாவின் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்து, அப்புறம் சோறே இறங்கவில்லை.

அப்போது ஓசூரில் ரோஜா வளர்க்கும் கம்பெனி ஒன்றில் எனக்குப் பேக்கிங் வேலை. ரோஜா என்றதும் மணமாக இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அடப் போங்கள், மருந்து நாற்றம்தான். முள்ளுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. லாரி வந்துவிட்டால் சூப்பர்வைசர் சாப்பாட்டு ஷெட்டுக்கே வந்து கத்துவார். "ஊட்டா ஆமேலே! லோடு ஃபஸ்ட்டு!" சோறு அப்புறமாம். பிசைந்த கையைக் கழுவிக்கொண்டு ஓடுவோம்.

அங்கே சொட்டுநீர்க் குழாய் போட இஸ்ரேலிலிருந்து மோஷே என்று ஒருவர் வந்தார். யூதர். தலையில் சின்னக் குல்லா. கேன்டீன் சோற்றைத் தொடமாட்டார். அறையில் தானே சுட்ட ரொட்டியோடு எங்கள் ஷெட்டில் வந்து உட்காருவார். சொம்பில் தண்ணீர் மொண்டு கை மாற்றிக் கை ஊற்றுவார், வாய்க்குள் ஏதோ சொல்வார். ரொட்டியை எடுத்து இன்னும் ஏதோ சொல்லி, பிய்த்து, உப்பில் தொட்டு விழுங்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். சூப்பர்வைசர் "சார், சார்" என்று வந்து நின்றால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். அவ்வளவுதான்! எங்களை விரட்டுகிற மனுஷன் கைகட்டி நிற்பதைப் பார்க்க எங்களுக்கு என்ன கும்மாளம்!

ஆபீஸ் கிளார்க்கை விட்டுக் காரணம் கேட்டோம். கடவுள் பேரைச் சொன்ன பிறகு, முதல் வாய்க்கு முன்னால் வேறு பேச்சுப் பேசினால் அந்தப் பேர் வீணாகிவிடுமாம். உப்பு வேண்டுமென்றால் கேட்கலாமாம். மாட்டுக்குத் தீனி வைக்கச் சொல்லியும் பேசலாமாம். வாயில்லா ஜீவன்தான் முதலில் தின்ன வேண்டுமாம்.

"மாட்டுக்குக் கெடைச்ச மரியாதையப் பாருக்கா" என்று ரத்னம்மா சிரித்தாள். வேப்பனப்பள்ளிக்காரி. புருஷன் படுத்த படுக்கை, அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. மறுநாளே அவள் கை கழுவி, "கோவிந்தா" என்று முணுமுணுத்து, முதல் வாய்க் களி இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. நாங்களும் பிடித்துக்கொண்டோம். சூப்பர்வைசர் கத்துவார், நாங்கள் விரலைத் தூக்குவோம். ஒரு வாயாவது நிம்மதி.

ஒருநாள் பெங்களூரிலிருந்து பெரிய மேனேஜர் வந்திருந்தார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் ரத்னம்மாவைக் கூப்பிட்டார். அவள் அப்போதுதான் "கோவிந்தா" சொல்லிக் களியை உருட்டியிருந்தாள். விரலைத் தூக்கினாள்.

"இன்னா திமிரு இவளுக்கு!" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

"சார், அவ கை கழுவிட்டா சார், இப்பப் பேசமாட்டா" என்று நான்தான் பதறிப்போய்ச் சொன்னேன். பாவிகள், எல்லோரும் களுக்கென்று சிரித்துத் தொலைத்தார்கள். மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "இவ நாளைலேர்ந்து வேணாம்" என்றார், திரும்பிப் போய்விட்டார்.

எதிர் பெஞ்சில் மோஷே. கடவுள் பேர் சொல்லி எடுத்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பிய்த்தார், உப்பில் தொட்டார், மென்று விழுங்கினார். பிறகுதான் கிளார்க்கிடம் என்ன என்று கேட்டார். தமிழ் புரியவில்லையாம். அவள் முகமுமா புரியவில்லை? மாட்டுக்காகப் பேசலாம் என்று சொன்ன வாய்தானே அது! அப்புறம் ஆபீசில் போய்ப் பேசினாராம். பேசி என்ன பிரயோசனம்?

ரத்னம்மா அழவில்லை. உருட்டிய களியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கு நடந்தாள். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். கேட்டுக்கு வெளியே போய் நின்று, களியை வாயில் போட்டு விழுங்கினாள். பிறகு ஷெட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சுக்கா. இப்பக் கூப்பிடச் சொல்லு. பதில் சொல்றன்."

யாரும் கூப்பிடவில்லை. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான்.

அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. ரோஜாவும் இல்லை, ஷெட்டும் இல்லை. ரத்னம்மா எங்கே இருக்கிறாளோ, தெரியாது. நேற்று மறுபடியும் "எஸ் சார்" என்றபோது, "ஒரு விரலத் தூக்கிக் காட்டுடா" என்று மகனிடம் சொல்ல வந்தேன். அவன் வேலை ஞாபகம் வந்தது. குழம்பைச் சுடவைக்கப் போனேன்.